மேல் கீழ் தெரியாத விமானம்: நீலகிரிக் காற்றுக்கு ஒரு சாகச மாடல் செய்து பறக்கவிடும் முழு வழிகாட்டி

என் முதல் ரிமோட் விமானம் கோத்தகிரியில் ஒரு சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் இரண்டு மழைக்காலம் தொங்கியது. கோயம்புத்தூரில் இருக்கும் என் மாமா பையன் செய்து பறக்கவிட்ட அதே அளவு, அதே மோட்டார், அதே பேட்டரி. எடை 420 கிராம். அங்கே தரையை உரசிக்கொண்டு மெதுவாகப் போய்த் திரும்பியது, இங்கே முதல் திருப்பத்திலேயே இறக்கை பிடி விட்டுச் சரிந்தது. நான் பதறிப்போய் முழு வேகம் கொடுக்க, அது நேராக மரத்துக்குப் போய்விட்டது. பச்சைத் தேயிலை எடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், "ஏனுங்க தம்பி, கொரங்குக்கு வாங்குனீங்களா?" என்று கேட்டார்.

தப்பு விமானத்தில் இல்லை. சமவெளிக் கணக்கை மலைக்குத் தூக்கி வந்த என்னிடம்தான் இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து விமானம் செய்தாயிற்று. கடைசி இரண்டும் 200 கிராமுக்குக் கீழே. தலைகீழாகப் பறக்கும், கத்தி முனை போல் பக்கவாட்டில் போகும், நின்ற இடத்தில் மூக்கை வானத்துக்கு நீட்டித் தொங்கும். அதைச் செய்யும் முறையை வரிசையாகச் சொல்கிறேன். ரிமோட்டும் சார்ஜரும் நீங்கலாக எனக்கு ஐயாயிரம் ரூபாய் சுற்றி ஆனது.

ஒரு எச்சரிக்கை. இது விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் மாடல் அல்ல. இதற்குமுன் எதையும் பறக்கவிட்டதில்லை என்றால், கணினியில் சிமுலேட்டர் போட்டு ரிமோட்டை அதனுடன் இணைத்து, இருபது மணி நேரமாவது உடைத்துவிட்டு வாருங்கள். அங்கே உடைப்பதற்குக் காசு இல்லை.

படி 1: நிஜ விமானத்தைப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். கத்தி எடுக்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது.

சாதாரணப் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்கை உடம்புக்கு மேலே இருக்கும், அதன் நுனிகள் லேசாக மேல்நோக்கித் தூக்கியிருக்கும். இறக்கையின் மேல்பக்கம் வளைவாகவும் அடிப்பக்கம் கிட்டத்தட்டத் தட்டையாகவும் இருக்கும். காற்று ஒரு பக்கம் சாய்த்தாலும் தஞ்சாவூர்ப் பொம்மை மாதிரி தானாக நிமிர்ந்துகொள்ளும். எது மேல், எது கீழ் என்று அதற்குத் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டி விமானத்துக்கு அது தெரியவே கூடாது. விமானி எந்த நிலையில் விட்டாரோ அந்த நிலையிலேயே கிடக்க வேண்டும். அதற்காக ஒவ்வொன்றாக மாற்றியிருக்கிறார்கள். இறக்கையின் மேல் வளைவும் கீழ் வளைவும் சமம், அதனால் நிமிர்ந்து பறக்கும்போது கிடைக்கிற தூக்குவிசை தலைகீழாகப் பறக்கும்போதும் கிடைக்கும். இறக்கை உடம்பின் நடுவே போகும், நுனித் தூக்கல் கிடையாது. இறக்கையின் பின்விளிம்பு முழுக்க எய்லரான், அதாவது விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் மடல். வாலில் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரும் இடவலம் திருப்பும் ரட்டரும் மற்ற விமானங்களில் இருப்பதைவிட மிகப் பெரியவை. எரிபொருள் தொட்டிக்குள் உறிஞ்சு குழாய் வளையக்கூடியது, நுனியில் எடை கட்டியிருக்கும். விமானம் கவிழ்ந்தால் பெட்ரோல் எந்தப் பக்கம் சாய்கிறதோ குழாயும் அந்தப் பக்கம் போகும். எண்ணெய்க்கும் தனி ஏற்பாடு உண்டு.

சில பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் மாடல் வரைபடங்கள் எல்லாம் இவற்றின் நிழல்கள்தான். அமெரிக்காவில் கர்டிஸ் பிட்ஸ் 1944-ல் பறக்கவிட்ட பிட்ஸ் ஸ்பெஷல் இரட்டை இறக்கைக் குட்டி. அதன் எஸ்-1 வகையில் நுனிக்கு நுனி ஐந்தே கால் மீட்டர் சுமார், நம் ஊர் மினி பஸ்ஸைவிடக் குட்டை. செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்லின் விமானங்கள் ஒரு காலத்தைக் கட்டி ஆண்டன; 1960-ல் பிராட்டிஸ்லாவாவில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்ற லாடிஸ்லாவ் பெசாக் அந்த நாட்டுக்காரர். 1984-ல் ரஷ்யாவின் சுகோய் எஸ்யு-26 வந்தது. வட்டமாக ஒன்பது சிலிண்டர் அடுக்கிய, 360 குதிரைத்திறன் என்ஜின். புவியீர்ப்பைப் போல் நேராக 12 மடங்கும் எதிராக 10 மடங்கும் தாங்கும் உடம்பு. அந்த அழுத்தத்தில் விமானியின் தலைக்கு ரத்தம் போக வேண்டுமே என்று இருக்கையை நன்றாகப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். ஜெர்மனியில் வால்டர் எக்ஸ்ட்ரா செய்த எக்ஸ்ட்ரா 300 பறந்தது 1988-ல். 300 குதிரைத்திறன், எஃகுக் குழாய்ச் சட்டத்தில் உடம்பு, கார்பன் இழையில் இறக்கை. எட்ஜ் 540 ஒரு விநாடியில் 420 பாகை உருளும், அதாவது முழுச் சுற்றுக்கும் மேல்.

இவற்றின் படங்களில் இறக்கை நுனியில் கம்பியால் முக்கோணம் மாதிரி ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது ஆன்டெனா இல்லை. விமானி தலையைத் திருப்பி அந்தக் கம்பியை அடிவானத்தோடு ஒப்பிட்டு, தான் சரியாக 45 பாகையில் ஏறுகிறோமா, செங்குத்தாகப் போகிறோமா என்று பார்த்துக்கொள்ளும் கருவி. நமக்கு அந்த வசதி கிடையாது. தரையில் நின்று பார்க்கிறோம். அதற்கு மாற்று நிறம். அதைப் படி 5-ல் சொல்கிறேன்.

இத்தனையையும் ஒரு மாடலில் கொண்டுவர வழி மிக எளிது. தட்டையான ஃபோம் ஷீட் போதும். 5 மில்லிமீட்டர் ஷீட்டுக்கு மேலும் கீழும் ஒன்றுதான். மின்மோட்டாருக்குத் தலைகீழ் எண்ணெய்க் குழாயும் தேவையில்லை. உலக விமான விளையாட்டுக் கூட்டமைப்பில் எஃப்3பி என்று உள்ளரங்க மாடல் சாகசப் போட்டிக்கே ஒரு பிரிவு உண்டு. நாம் செய்வது அந்தக் குடும்பத்தின் மலைவாசி உறவு. எஃப்3ஏ என்கிற வெளியரங்கப் பிரிவின் விமானங்கள் இரண்டு மீட்டர் நீளமும் ஐந்து கிலோ எடையும் வரை போகும். அது இந்தக் கட்டுரைக்குள் வராது, என் பர்ஸுக்குள்ளும் வராது.

படி 2: உங்கள் ஊர்க் காற்றை எடை போடுங்கள்

கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோ எடை இருக்கும். அதே பொதுக் கணக்கில் 1,800 மீட்டரை ஒட்டியிருக்கும் கோத்தகிரியிலும் குன்னூரிலும் 1.03 கிலோ அளவுதான். 2,240 மீட்டரில் ஊட்டியில் 0.98 கிலோ. அதாவது ஊட்டிக் காற்று கடற்கரைக் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு.

இதனால் இரண்டு விளைவு. ஒன்று, விமானம் விழாமல் நிற்கக் கூடுதல் வேகம் வேண்டும். கோத்தகிரியில் 9 சதவீதம், ஊட்டியில் 12 சதவீதம் சுமார். இரண்டு, அதே வேகத்தில் சுற்றும் ப்ராப் (மூக்கில் சுற்றும் காற்றாடி) காற்றின் எடை குறைந்த விகிதத்திலேயே குறைவாக இழுக்கும். மின்மோட்டார் என்பதால் லேசான காற்றில் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஒரு பங்கை ஈடுகட்டிவிடும். பெட்ரோல் என்ஜினுக்கோ மூச்சும் வாங்கும், ப்ராப்பும் வழுக்கும்.

என் பழைய 420 கிராம் விமானம் கோவையில் விளிம்பில் பறந்துகொண்டிருந்தது. மலைக்காற்றின் இந்த வித்தியாசம்தான் அதைத் தள்ளிவிட்டது. ஆகவே மலையில் முதல் மருந்து எடைக் குறைப்பு. மோட்டாரைப் பெரிதாக்கினால் அதற்குப் பெரிய பேட்டரி, அதைத் தாங்கக் கூடுதல் கம்பி என்று எடை ஏறிக்கொண்டே போகும். நம் இலக்கு, எல்லாம் சேர்த்து 180 கிராம்.

படி 3: இடமும் சட்டமும்

2021-ன் ட்ரோன் விதிகள் மாடல் விமானத்துக்கும் பொருந்தும். 250 கிராம் வரை நானோ வகை, அதை ஓட்ட உரிமச் சான்று தேவையில்லை. 180 கிராம் இலக்கு வைக்க இது இரண்டாவது காரணம். சான்று வேண்டாம் என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் பறக்கலாம் என்று அர்த்தம் இல்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சைப் பகுதியா என்று பாருங்கள், பதிவு வேலையையும் முடித்துவிடுங்கள். பச்சையிலும் 400 அடிக்கு மேல் போகக் கூடாது. நம் விமானம் 150 அடி தாண்டினால் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்றே கண்ணுக்குத் தெரியாது.

வெலிங்டன் கன்டோன்மென்ட், அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலை இவற்றின் பக்கமே போகாதீர்கள். காப்புக்காடு, முதுமலைப் புலிகள் காப்பகம் எல்லாம் வனத்துறையின் கையில். சோலைக்காட்டு ஓரத்துப் புல்வெளி ஆசையாகத்தான் இருக்கும், விட்டுவிடுங்கள். தோட்டத்து நிலம் என்றால் மேனேஜரிடமோ மேஸ்திரியிடமோ வாய்விட்டுக் கேளுங்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பள்ளி மைதானம், ஞாயிறு காலை மட்டும், வாட்ச்மேன் அண்ணனுக்கு ஒரு டீ செலவில்.

மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது காற்று எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். மலை முகட்டுக்குப் பின்பக்கத்தில் இருக்கும் மைதானத்தில் காற்று முகட்டைத் தாண்டிச் சுருண்டு கீழே விழும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் சுருளில் 180 கிராம் விமானம் சருகு மாதிரிதான். இன்னொன்று, காட்டெருமை. எங்கள் மைதானத்தில் வாரம் ஒருமுறை மேயும். அது இருக்கும் நாளில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழி, விரட்டப் பார்க்காதீர்கள்.

படி 4: சாமான்கள்

5 மி.மீ. ஈபிபி ஃபோம் ஷீட் இரண்டு. இது வளைந்தாலும் உடையாது, நசுங்கினாலும் எழும். சாதாரணத் தெர்மோகோல் வேண்டாம். இடித்தால் மணிமணியாக உதிர்ந்து தேயிலைச் செடிக்குள் போய்விடும், பொறுக்கவே முடியாது. பிளாஸ்டிக் விஷயத்தில் இந்த மாவட்டம் எவ்வளவு கண்டிப்பு என்று உங்களுக்கே தெரியும்.

கார்பன் கம்பி 1 மி.மீ. கனத்தில் ஏழெட்டு, கார்பன் பட்டை 3 மி.மீ. அகலத்தில் இரண்டு. மோட்டார் 20 முதல் 25 கிராமுக்குள், 1400 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் எத்தனை சுற்று என்ற எண்) சுமார். ப்ராப் 8 அங்குலம், பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) 4.3, மெதுவாகப் பறக்கும் வகை. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி. 10 அல்லது 12 ஆம்பியர். மடல்களை அசைக்கும் 5 கிராம் சர்வோ மூன்று. ரிமோட்டின் சிக்னலை வாங்கும் லேசான ரிசீவர் ஒன்று. 2எஸ் (இரண்டு செல்) 450 எம்ஏஎச் லிப்போ பேட்டரி இரண்டு. பறப்பு ஒன்று ஐந்து நிமிடம் தாண்டாது, அதனால் ஒரு பேட்டரியோடு மைதானத்துக்குப் போனால் எரிச்சல்தான் மிஞ்சும்.

பசை விஷயத்தில் ஒரு வார்த்தை. ஈபிபி சாதாரண சூப்பர் க்ளூவைத் தாங்கும். டெப்ரான் என்ற வேறு வகை ஃபோம் ஷீட் கிடைத்து அதில் செய்கிறீர்கள் என்றால் ஃபோம் கரைக்காத வகையைத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய இடத்தில் ஓட்டை விழும். ஹாட் க்ளூவை மோட்டார் பலகைக்கு மட்டும் வையுங்கள், எடை கூட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. வெள்ளைப் பசை நம் மழைக்காலத்தில் மூன்று நாளானாலும் காயாது.

படி 5: வரைந்து வெட்டுதல்

இறக்கை நுனிக்கு நுனி 80 செ.மீ. நடுவில் அகலம் 26 செ.மீ., நுனியில் 18 செ.மீ. முன்விளிம்பு நான்கு செ.மீ. பின்னோக்கியும், பின்விளிம்பு நான்கு செ.மீ. முன்னோக்கியும் சரிய வேண்டும். பின்விளிம்பில் ஆறு செ.மீ. அகலத்துக்கு எய்லரானை வெட்டுங்கள், இறக்கை முழு நீளத்துக்கும்.

உடம்பு இரண்டு துண்டு. ஒன்று படுத்த துண்டு, இன்னொன்று நின்ற துண்டு. இரண்டும் சேர்ந்து மூக்கிலிருந்து பார்த்தால் கூட்டல் குறி போல் இருக்கும். மொத்த நீளம் 85 செ.மீ. நின்ற துண்டின் உயரம் விமானி உட்காரும் இடத்தில் 15 செ.மீ. இருக்கட்டும், குறைக்காதீர்கள். விமானம் பக்கவாட்டில் சாய்ந்து பறக்கும்போது இறக்கை வேலை செய்யாது. இந்தப் பக்கச் சுவர்தான் அதைத் தூக்கிப் பிடிக்கும். கிடைவால் அகலம் 36 செ.மீ., அதில் பாதி எலிவேட்டர். ரட்டர் உயரம் 22 செ.மீ., அகலம் 10 செ.மீ.

புது பிளேடு போடுங்கள். மழுங்கிய பிளேடு ஈபிபியைப் பிய்க்கும். ஒரே இழுப்பில் வெட்ட முயலாமல் மூன்று இழுப்பில் வெட்டுங்கள்.

நிறம் வெட்டிய உடனே அடித்துவிடுங்கள், ஒட்டிய பிறகு கை போகாது. மேல்பக்கம் முழு ஆரஞ்சு, அடிப்பக்கம் வெள்ளையில் அகலமான கறுப்புப் பட்டை. பச்சையும் நீலமும் எவ்வளவு பிடித்தாலும் வேண்டாம். தேயிலை மேல் பச்சை விமானத்தை நான் அரை மணி நேரம் தேடியிருக்கிறேன், அது என் காலடியில் இருந்தது. ஸ்பிரே பெயின்ட்டை ஒரு பூச்சோடு நிறுத்துங்கள். இரண்டாவது பூச்சு ஏழு கிராம் ஏற்றியது.

படி 6: கீலும் கம்பியும்

நகரும் பாகங்களின் ஓரத்தை 45 பாகையில் சாய்த்துச் சீவினால்தான் இரண்டு பக்கமும் முழுதாக மடங்கும். கீலுக்கு டேப் ஒட்டுகிறார்கள். நம் பனிமூட்டத்தில் அது இரண்டு வாரத்தில் உரிந்துவிடும். நான் ரப்பர் பசையை இரு ஓரத்திலும் மெல்லத் தடவி, காய விட்டு, சேர்த்து அழுத்துகிறேன். இரண்டு வருடமாக நிற்கிறது.

இறக்கையின் அகலமான இடத்தில் கீறி, கார்பன் பட்டையை நுனிக்கு நுனி நிறுத்தி வைத்து ஒட்டுங்கள். படுத்த உடம்பையும் இறக்கையையும் தட்டையான மேசையில் வைத்து இணைத்த பிறகுதான் நின்ற துண்டை வைக்க வேண்டும். பின்பு 1 மி.மீ. கம்பிகளை இறக்கையிலிருந்து உடம்பின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் முக்கோணமாகக் கட்டுங்கள். பந்தல் காலுக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி, ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கமும் கொடுக்க வேண்டும். மேலே மட்டும் கட்டினால் நிமிர்ந்து பறக்கும்போது ஒரு மாதிரியும் கவிழ்ந்து பறக்கும்போது வேறு மாதிரியும் வளையும். அப்புறம் மேல் கீழ் தெரிந்துவிடும், கதை முடிந்தது.

இறக்கையும் கிடைவாலும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும், ஒரு பாகை கூட ஏற்ற இறக்கம் கூடாது. மூக்கிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்.

படி 7: மோட்டாரும் சர்வோவும்

இந்த விமானத்தில் பக்கம் பார்க்கும் ஒரே உறுப்பு ப்ராப். அது ஒரு திசையில் சுற்றுவதால் விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். அதற்காக மோட்டாரை வலது பக்கம் இரண்டு பாகை திருப்பி வைக்க வேண்டும். மேலோ கீழோ சாய்க்காதீர்கள்.

எய்லரானுக்கு ஒரு சர்வோ, இறக்கை நடுவில். எலிவேட்டருக்கும் ரட்டருக்கும் ஒவ்வொன்று, வாலில் வைக்காமல் உடம்பு நடுவில் வைத்து மெல்லிய கம்பியால் இழுங்கள். வாலில் ஐந்து கிராம் வைத்தால் அதைச் சமன்செய்ய மூக்கில் அதற்கும் மேல் வைக்க வேண்டிவரும். பேட்டரியை ஒட்டி வைக்காதீர்கள், முன்னும் பின்னும் நகர்த்தும்படி வெல்க்ரோ போடுங்கள்.

படி 8: தராசு

வீட்டில் சமையலறைத் தராசு இருந்தால் போதும். முதலில் மொத்த எடை பாருங்கள். 180 வந்தால் கை கொடுங்கள், 200 வரை பரவாயில்லை, 220 தாண்டினால் எங்கே பசை கொட்டினீர்கள் என்று தேடுங்கள்.

அடுத்து இழுவை. இணையத்தில் ப்ராப் அட்டவணை தருகிற எண்ணெல்லாம் பெரும்பாலும் சமவெளி எண். உங்கள் ஊர் எண்ணை இப்படி எடுக்கலாம். விமானத்தின் எடையில் பாதிக்குச் சில்லறைக் காசை ஒரு தீப்பெட்டியில் போட்டு உடம்போடு கட்டுங்கள். வாலைத் தராசில் ஊன்றி, மூக்கு மேலே இருக்கும்படி, அசையாமல் ஆனால் மேலே நகரும்படி ஒருவர் இரண்டு விரலால் உடம்பைத் தளர்வாகப் பிடிக்கட்டும். விரல் ப்ராப்புக்கு வெகு கீழே இருக்க வேண்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மெல்ல வேகம் கூட்டுங்கள். முழு வேகத்தில் தராசு பூஜ்யம் காட்டினால் உங்கள் விமானம் தன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு இழுக்கிறது. மலையில் அதற்குக் குறைந்தால் தொங்கும் சாகசம் வராது. குறைந்தால் முதலில் எடையைப் பாருங்கள், அப்புறம் 9 அங்குல ப்ராப்; அது போட்டால் மோட்டார் தொட முடியாத அளவு சுடுகிறதா என்றும் பாருங்கள்.

கடைசியாக எடைமையம். இறக்கை நடுவில் முன்விளிம்பிலிருந்து எட்டரை செ.மீ. பின்னால் இரண்டு பக்கமும் விரல் நுனியில் தாங்கினால் விமானம் சமமாக நிற்க வேண்டும். பேட்டரியை நகர்த்திச் சரிசெய்யுங்கள். இது தொடக்கம்தான். பழகப் பழக ஐந்து மி.மீ. ஐந்து மி.மீ.யாகப் பின்னால் தள்ளி பத்து செ.மீ. வரை போகலாம். பின்னால் போகப் போக விமானத்துக்குத் துடுக்குக் கூடும்.

படி 9: ரிமோட்

இரண்டு நிலை வையுங்கள். ஒரு ஸ்விட்சில் எல்லாப் பாகமும் 20 பாகை மட்டும் மடங்கட்டும், இன்னொன்றில் 45 பாகை. இரண்டிலும் எக்ஸ்போ உண்டு, முதலாவதில் 30 சதவீதம், இரண்டாவதில் 50. எக்ஸ்போ என்பது குச்சியின் நடுப்பகுதியை மட்டும் மந்தமாக்குவது. முதல் பத்துப் பறப்பு 20 பாகையில்தான், ஆசைப்படாதீர்கள்.

சிக்னல் போனால் மோட்டார் நிற்க வேண்டும். வீட்டிலேயே ரிமோட்டை அணைத்துச் சோதியுங்கள், ப்ராப்பைக் கழற்றிவிட்டு.

படி 10: முதல் பறப்பு

ஜனவரி முதல் மார்ச் வரை காலை ஏழிலிருந்து ஒன்பது. வெயில் சரிவில் விழுந்து சூடேறியதும் பள்ளத்திலிருந்து மேல்நோக்கிக் காற்று கிளம்பும், அத்தோடு அன்றைய பறப்பு முடிந்தது. தென்மேற்குப் பருவமழையில் ஊட்டிப் பக்கம் வாய்ப்பே இல்லை. கோத்தகிரிப் பக்கம் தொட்டபெட்டாவின் மறைவில் சில நல்ல காலைகள் கிடைக்கும். அதற்குப் பதிலாக வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து எங்களைப் பிடித்துக்கொள்ளும்.

உறைபனிக் காலையில் லிப்போ சோம்பிப்போகும். வேகம் கொடுத்த உடனே வோல்டேஜ் சரியும். சட்டைப் பைக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டு போய்க் கடைசி நிமிடம் மாட்டுங்கள். புல்லில் பனி இருந்தால் விமானத்தைக் கீழே வைக்காதீர்கள், சர்வோ நனையும்.

முகத்தில் காற்று படும்படி நின்று, பாதி வேகத்துக்குக் கொஞ்சம் மேலே கொடுத்து, தோளுயரத்தில் நேராக விடுங்கள். எறிய வேண்டாம், தள்ளிவிட்டால் போதும். 180 கிராமில் இது ஊட்டியில்கூட மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் தாங்கும் என்று என் கணக்கு, சைக்கிள் வேகம். இரண்டு மர உயரம் ஏறியதும் ட்ரிம் செய்யுங்கள். கையை எடுத்தால் நேராகப் போக வேண்டும். நான்கு நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். ஒரு செல்லுக்கு 3.6 வோல்ட்டுக்குக் கீழே போக விடாதீர்கள்.

இரண்டாவது பறப்பில் அந்த முக்கியமான சோதனை. 45 பாகையில் ஏற்றி, அப்படியே உருட்டித் தலைகீழாக்கி, எலிவேட்டரை விட்டுவிடுங்கள். விமானம் அதே கோட்டில் கொஞ்ச தூரம் போனால் எடைமையம் சரி. மூக்கு சட்டென்று தரையைப் பார்த்தால் மூக்கு கனம், பேட்டரியைப் பின்னால் தள்ளுங்கள். மூக்கு வானத்துக்கு ஏறினால் வால் கனம். இந்த ஒரு சோதனையை நான் ஒரு காலைப்பொழுது முழுக்கச் செய்தேன். என் அக்கா பையன், "மாமா, எப்ப சாகசம் பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டான்.

படி 11: சாகசங்கள், வரிசையாக

போட்டி விமானிகள் ஆயிரம் மீட்டர் நீள அகலமுள்ள ஒரு கற்பனைப் பெட்டிக்குள் பறக்கிறார்கள். செய்ய வேண்டிய வரிசையை ஒரு சீட்டில் கோடுகளாக எழுதி விமானி முன்னால் ஒட்டியிருப்பார். ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்டி அமைத்த குறிமுறை அது. சின்ன வட்டம் தொடக்கம், குறுக்குக் கோடு முடிவு, முழுக் கோடு என்றால் நிமிர்ந்து, விட்டுவிட்டு வரும் கோடு என்றால் தலைகீழாக. கிட்டத்தட்டக் கோலம் மாதிரிதான், புள்ளியைவிட இழைக்கு மதிப்பு. நடுவர் பத்து மதிப்பெண்ணில் தொடங்கி ஐந்து பாகை தவறுக்கு ஒரு மதிப்பெண் குறைப்பார். மிச்சத்தை அந்தச் சாகசத்தின் கடினத்தால் பெருக்குவார்கள்.

நீங்களும் அப்படி ஒரு சீட்டு எழுதிக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் பிடித்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருப்பீர்கள்.

முதலில் நேர்கோடு. சிரிக்காதீர்கள், மைதானத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே உயரத்தில் போவது எல்லாவற்றையும்விடக் கடினம். பிறகு லூப், அதாவது செங்குத்தாக ஒரு முழு வட்டம். மலைக்காற்றில் உச்சியில் வேகம் செத்துவிடும். ஏறும்போது முழு வேகம், உச்சியில் பாதி, இறங்கும்போது கால். கீழிருந்து பார்க்க வட்டமாக இருக்க வேண்டும், முட்டை மாதிரி இருந்தால் உச்சியில் எலிவேட்டரை அதிகம் இழுத்திருக்கிறீர்கள்.

அடுத்து ரோல், அதாவது நேராகப் போய்க்கொண்டே ஒருமுறை உருள்வது. அதில் தலைகீழ் ஆகும் கணத்தில் எலிவேட்டரை லேசாக முன்னால் தள்ளிப் பழகுங்கள். அங்கேயே ரோலை நிறுத்தினால் அதுதான் தலைகீழ்ப் பறப்பு. இழுத்தால் தரை, தள்ளினால் வானம். பயத்தில் கை இழுக்கத்தான் பார்க்கும், எனக்கு இரண்டு ப்ராப் அப்படிப் போயின.

ஸ்டால் டர்ன் எனக்குப் பிடித்தது. செங்குத்தாக ஏற்றி, வேகம் குறைத்து, நின்றுவிடப் போகும் நொடிக்குச் சற்று முன்னால் முழு ரட்டர் இடப்பக்கம். தாழ்ப்பாள் சுழல்வது போல் விமானம் திரும்பி வந்த கோட்டிலேயே இறங்கும். நம் ப்ராப் பின்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாகச் சுற்றுவதால் இடப்பக்கம் எளிது. சுகோய் 26-ன் ப்ராப் எதிர்த்திசையில் சுற்றும், அதன் விமானிகள் வலப்பக்கம் திரும்புகிறார்கள்.

பக்கவாட்டுப் பறப்புக்கு 90 பாகை சாய்த்து மேல்பக்க ரட்டரைக் கொடுங்கள். அப்போது விமானம் தானாக வயிற்றுப் பக்கமோ முதுகுப் பக்கமோ நழுவினால், ரட்டரோடு எலிவேட்டரைக் கொஞ்சம் கலக்கும்படி ரிமோட்டில் அமைக்கலாம். ஐந்து சதவீதத்தில் தொடங்குங்கள்.

இதற்கெல்லாம் பிறகுதான் 45 பாகை ஸ்விட்ச். மூக்கைத் தூக்கி ப்ராப்பில் தொங்கவிடுவது பார்ப்பவர்களைக் கைதட்ட வைக்கும், பேட்டரியையும் அதே வேகத்தில் குடிக்கும். செக் விமானிகள் லோம்சோவாக் என்று ஒரு குட்டிக்கரணம் போடுவார்கள், விமானம் எல்லா அச்சிலும் ஒரே சமயத்தில் உருளும். நான் செய்ததில் ஒன்று அதுபோல் இருந்ததாக அக்கா பையன் சொன்னான். அது நான் நினைத்துச் செய்தது இல்லை.

படி 12: மரமும் செடியும்

தேயிலைச் செடி நல்ல மெத்தை; விழுந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் விழுந்த உடனே ரிமோட்டில் வேகத்தைப் பூஜ்யமாக்குங்கள், கிளையில் சிக்கிய ப்ராப் சுற்ற முயன்று மோட்டாரை எரித்துவிடும். விழுந்த இடத்தைப் பார்த்தபடி, கண்ணை எடுக்காமல், நேர்கோட்டில் நடங்கள். கொழுந்து எடுக்கும் பாதை வழியாக மட்டும் போங்கள், செடி மேல் ஏறக் கூடாது. ஈர மாதங்களில் அட்டைக்குச் சாக்ஸில் உப்புத் தடவிக்கொண்டு போங்கள்.

ஈபிபி கிழிந்தால் சூப்பர் க்ளூவில் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம். நசுங்கிய மூக்கைக் கொதிநீர் ஆவியில் காட்டினால் கொஞ்சம் உப்பி வரும். உப்பிய, அதாவது வீங்கிய லிப்போ மட்டும் திரும்பாது. அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

சில்வர் ஓக்கில் சிக்கினால் ஏறாதீர்கள். அதன் கிளை திடீரென்று முறியும். மீன்பிடி நரம்பின் நுனியில் ஒரு நட்டைக் கட்டிக் கவணில் வைத்து கிளைக்கு மேலே எறிந்து, நரம்போடு கயிற்றை இழுத்துக் கிளையை ஆட்டுங்கள். பத்து எறியில் ஒன்று போகும். நரம்பை முழுக்கச் சுருட்டி எடுத்து வாருங்கள், மரத்தில் விட்டால் பறவை மாட்டும். என் முதல் விமானத்தை அப்படித்தான் போன டிசம்பரில் இறக்கினேன். இறக்கைக்குள் எறும்பு கூடு கட்டியிருந்தது. மோட்டாரைத் துடைத்து, பேரிங்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் சுற்றியது. அது இப்போது அக்கா பையனின் விமானத்தில் இருக்கிறது.